காரின் ஜாதகம்

எங்கள் காரியாலயத்துக்குத் தபாலில் வருகிற சாமான்களில் மோட்டார் கம்பெனிக்காரர்களின் சிற்றேடுகளும் உண்டு. வழவழப்பான காகிதம், ஆள் அரவமே இல்லாத மலைப்பாதையில் ஒய்யாரமாக நிற்கும் பெரிய கார், உள்ளே சந்தன நிறத்தில் தோல் மெத்தை. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அட்டவணை. விலையைத் தவிர மற்றதெல்லாம் அதில் இருக்கும். விலையைக் கேட்கிறவன் வாங்கப் போகிறவன் அல்ல என்பது அவர்கள் அபிப்பிராயம் போலும்!

அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் நான் காரின் ஜாதகம் என்பேன். சமீபத்தில் நான் படித்தது ஜெர்மனியில் செய்யப்படும் பி.எம்.டபிள்யூ. ஐ7 எம்70 என்ற மின்சாரக் காரின் ஜாதகம். குதிரைச் சக்தி 660. எடை ஏறக்குறைய 2,700 கிலோ. நின்ற இடத்திலிருந்து கிளம்பி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 3.7 விநாடி. "சாம்பாரில் பெருங்காயம் போட்டாயா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் கார் அந்த வேகத்தைத் தொட்டுவிடும். உச்ச வேகம் 250 கிலோமீட்டர். இந்த 250 என்ற எண்ணை ஜெர்மானியப் பெரிய கார்கள் பலவற்றின் ஜாதகத்தில் பார்க்கலாம். அதற்கு மேல் ஓட முடியாது என்பதால் அல்ல. 1980-களின் கடைசியில் அந்நாட்டுக் கம்பெனிகள் தமக்குள் பேசி வைத்துக்கொண்ட வரம்பு அது.

கல்யாணத்துக்கு வரும் பிள்ளைகளின் ஜாதகக் குறிப்பைப் பார்த்திருப்பீர்கள். சம்பளம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, சொந்த வீடு உண்டு. கோபம் வந்தால் எத்தனை நாழியில் தணிவார் என்று எதிலாவது எழுதியிருக்கிறதா? பெண்ணைப் பெற்றவளுக்குத் தெரியவேண்டியது அதுதானே? காரின் ஜாதகத்திலும் இதே கதைதான். கிளம்புகிற கணக்கு கொட்டை எழுத்தில் இருக்கும். நிற்கிற கணக்கு பெரும்பாலும் இருக்காது. காரை வாங்கி ஓட்டி, நாடா பிடித்து அளக்கிற மோட்டார் பத்திரிகைகள் சொன்னால்தான் உண்டு.

அவர்கள் அளந்ததைப் பார்த்தால், இன்றைய நல்ல பெரிய கார் ஒன்று 100 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை அழுத்தியபின் சுமார் 36 மீட்டரில் நின்றுவிடுகிறது. கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் எதிரே மாடு நிற்கிறது என்று கண் பார்த்து, மூளை புரிந்து, கால் போய் பிரேக்கை அழுத்துவதற்கு ஒரு விநாடியாவது ஆகும். அந்த ஒரு விநாடியில் கார் 28 மீட்டர் போய்விடும். ஆக மொத்தம் 64 மீட்டர்.

வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் நிற்கத் தேவையான தூரம் இரண்டு மடங்கு ஆகாது; நான்கு மடங்கு ஆகும். இந்தக் கணக்கின்படி 250 கிலோமீட்டரில் போகிற கார் நிற்க, ஓட்டுகிறவரின் அந்த ஒரு விநாடியையும் சேர்த்து ஏறக்குறைய 300 மீட்டர் வேண்டும். ஒரு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி!

அப்படி நிற்கும்போது அத்தனை வேகமும் எங்கே போகிறது? சூடாக மாறுகிறது. ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 2,700 கிலோ எடையுள்ள காரை 250 கிலோமீட்டரிலிருந்து அடியோடு நிறுத்தினால் உண்டாகிற சூட்டில் 22 லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். வீட்டில் ஒரு அண்டா வெந்நீர் போட எவ்வளவு நேரம் ஆகிறது? இங்கே சில விநாடிகளுக்குள் அவ்வளவு சூட்டையும் நான்கு சக்கரங்களின் பிரேக்குகள் தாங்கியாக வேண்டும். மின்சாரக் கார் மெதுவாக வேகம் குறைக்கும்போது அதில் ஒரு பங்கைத் திரும்ப பாட்டரிக்குள் சேமித்துக்கொள்கிறது. அவசரத்தில் அழுத்தும்போது பாரம் பிரேக்கின் தலையில்தான்.

பெரிய கார் செய்தவர்கள் எல்லாருமே சக்தியைத் தம்பட்டம் அடித்தவர்கள் அல்ல. இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியார் பல பத்தாண்டுகள் தங்கள் கார்களின் குதிரைச் சக்தியை வெளியிடவே இல்லை. கேட்டவர்களுக்கு, "போதுமான அளவு" என்று பதில் சொல்வார்களாம். சம்பந்தி வீட்டில் இப்படிப் பதில் வந்தால் நமக்குச் சந்தேகம் தட்டும். அவர்கள் சொன்னபோது உலகம் கைதட்டியது!

சக்தியை மறைத்த அதே கம்பெனி, பிரேக் விஷயத்தில் கௌரவம் பார்க்கவில்லை. 1919-ல் ஹிஸ்பானோ சூய்ஸா என்ற போட்டிக் கம்பெனியின் காரில் ஒரு புது ஏற்பாடு வந்திருந்தது. ஓட்டுகிறவர் காலால் லேசாக அழுத்தினால் போதும். ஓடுகிற காரின் சுழற்சியே ஒரு தட்டின் வழியாகப் பிரேக்கை இழுத்துப் பிடிக்கும். காரின் வேகத்தைக் கொண்டே காரை அடக்குகிற யுக்தி. ரோல்ஸ் ராய்ஸ் அதற்கு உரிமை பெற்று 1920-களில் தன் கார்களில் பொருத்தியது. 1955-ல் வந்த ஸில்வர் கிளவுட்டிலும் அதே முறைதான். ஏறக்குறைய 2 டன் கனமுள்ள அந்தக் கார் மணிக்கு 60 மைலை எட்டச் சுமார் 13 விநாடி எடுத்துக்கொண்டது. இன்று நம் தெருவில் ஓடும் சின்னக் கார்களில் பல அதற்குச் சளைத்தவை அல்ல.

பிறகு காலம் மாறிற்று. 1968-ல் மெர்ஸிடஸ் பென்ஸ் கம்பெனி 300 எஸ்.இ.எல். 6.3 என்ற காரை வெளியிட்டது. பார்வைக்குப் பரம சாது. உள்ளே 250 குதிரைச் சக்தி. 100 கிலோமீட்டருக்கு 6.5 விநாடி, உச்ச வேகம் 220. பின் ஆசனத்தில் முதலாளி பத்திரிகை படித்துக்கொண்டிருக்க, முன்னால் பந்தயக்காரன் உட்கார்ந்திருப்பது போன்ற வண்டி. அதன் பெருமையைப் பேசுகிற ரசிகர்கள் இன்றும் உண்டு.

என்னைக் கேட்டால், அந்தக் கம்பெனியின் பெரிய காரியம் பத்து வருஷம் கழித்துத்தான் நடந்தது. 1978-ல், பாஷ் கம்பெனியுடன் சேர்ந்து, தன் எஸ் வகைப் பெரிய காரில் ஏ.பி.எஸ். என்ற பிரேக் முறையைக் கொடுத்தது. அதுவும் தனிக் காசுக்கு. சக்கரம் சுழலாமல் இறுகிப்போனால் கார் வழுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது. ஏ.பி.எஸ். ஒவ்வொரு சக்கரத்தையும் கவனித்துக்கொண்டே இருந்து, இறுகப் போகிற சமயத்தில் பிடியை விட்டுப் பிடிக்கும். விநாடிக்குப் பல தடவை. சீமான்களுக்காக வந்த அந்தச் சௌகரியம் மெல்ல மெல்லப் படியிறங்கி வந்தது. 2019 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் விற்கிற புதுக் கார் எதுவானாலும் அது இருந்தே ஆகவேண்டும்.

எங்கள் வீட்டுக் கார் அதற்கு அடுத்த வருஷம் வாங்கியது. சின்னக் கார்தான். ஐப்பசி மாதம் ஒரு ராத்திரி, நல்ல மழையில், திண்டிவனம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். பின் ஆசனத்தில் அம்மாவும் ஆறு வயது மகளும். திடீரென்று முன்னே விளக்கே இல்லாமல் ஒரு லாரி, பாதி ரஸ்தாவை அடைத்துக்கொண்டு நின்றது. முழுப் பலத்தோடு பிரேக்கை மிதித்தேன். காலடியில் யாரோ கதவைத் தட்டுவது போல் பிரேக் கடகடவென்று அதிர்ந்தது. ஸ்டியரிங் சொன்னபடி கேட்டது. கார் லாரியை ஒட்டினாற்போல் விலகி, ஓரத்து மண்ணில் போய் நின்றது. கை நடுங்கிக்கொண்டிருந்தது. வைப்பர் மட்டும் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். குழந்தை பெல்ட்டுக்குள் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அம்மா கண்ணைத் திறந்து, "விழுப்புரம் வந்தாச்சா?" என்றாள்.