கைதட்டலுக்குச் சொன்ன கதைகள்

வீரமாமுனிவரைப் பற்றி மேடைகளில் நான் பேசியதில் பாதிக்கு ஆதாரம் கிடையாது. தெரியாமல் சொன்னது கொஞ்சம். தெரிந்தே சொன்னதுதான் அதிகம்.

திவான் கதையைக் கேட்டிருப்பீர்கள். திருச்சியை ஆண்ட சந்தா சாகிபைப் பார்ப்பதற்கென்றே சில மாதங்களில் பாரசீகமும் உருதுவும் கற்றார், சாகிப் சொக்கிப்போய்த் திவான் பதவியே கொடுத்துவிட்டார், முனிவர் குதிரையில் பரிவாரத்தோடு பவனி வந்தார் என்று கையை வீசிச் சொல்வேன். கடைசி வரிசையில் பேசிக்கொண்டிருப்பவர்கள்கூட வாயை மூடிவிடுவார்கள். இந்தக் கதையைச் சொல்லும் முத்துசாமிப் பிள்ளை, முனிவருடைய வரலாற்றை எழுதியது 1822இல். முனிவர் மறைந்து முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அதற்குள் ஊர் வாயில் எத்தனை கதை வளர்ந்திருக்கும்! ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த இயேசு சபைத் துறவி திவானாக இருந்திருக்க முடியுமா என்று ஆய்வாளர்கள் கேட்டு வெகுநாளாயிற்று. அந்தக் கேள்வியைப் படித்த பிறகும் குதிரையை விட்டு நான் இறங்கவில்லை.

மரணத்தைச் சொன்ன விதம் இதைவிட மோசம். 1742இல் மணப்பாட்டில் உயிர் பிரிந்தது என்பது பழைய செய்தி. கடற்கரை ஊர், அலையோசையோடு பேச்சை முடிக்க அதைவிட வாகான இடம் ஏது? சபையின் ஆவணங்களோ 1747 பிப்ரவரி 4 அன்று கேரளத்து அம்பலக்காட்டில் இறந்தார் என்கின்றன. அம்பலக்காட்டில் கடல் இல்லை. ஆகவே என் பேச்சில் முனிவர் மணப்பாட்டிலேயே செத்துக்கொண்டிருந்தார்.

ஏ, ஓ என்ற நெடில்களையே அவர்தான் தமிழுக்குத் தந்தார் என்றும் முழங்கியிருக்கிறேன். ஒரு தமிழாசிரியன் சொல்லக் கூசவேண்டிய பேச்சு இது. ஒலி என்றும் இருந்தது. குறில் எகர ஒகரத்துக்குப் புள்ளி வைப்பது பழைய வழக்கம். ஓலையில் புள்ளி வைக்காமலே எழுதிப் போனதால் குறிலும் நெடிலும் ஒன்றுபோலத் தெரிந்தன. அந்தக் குழப்பம் தீர அவர் நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்தார். அதுவே பெரிய காரியம்தான். எனக்குப் போதவில்லை.

அவருடைய காவியமான தேம்பாவணியில் 3,615 பாடல்கள் என்று மூச்சுவிடாமல் சொல்வேன். முழுக்க வாசித்ததில்லை.

சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதுதான் இப்போது உறுத்துகிறது. இத்தாலியின் காஸ்திகிலியோனில் 1680இல் பிறந்த அந்த மனிதர் இங்கே வந்தது காவியம் பாட அல்ல, குருவாக ஊழியம் செய்ய. குருக்கள்பட்டியில் பிடிபட்டு, மரண தண்டனை வரை போய் மீண்டார். ஏலாக்குறிச்சியில் கோயில் எழுப்பி, அந்த ஊரைத் திருக்காவலூர் என்று பாடினார். கிராமம் கிராமமாக மக்களுக்கு மறை போதித்த உபதேசியார்களுக்காக 1727இல் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். தரங்கம்பாடி லுத்தரன்களோடு கடுமையாகவே மோதினார்; சண்டைக்காரர்தான். இலக்கிய விழாவில் இதெல்லாம் எதற்கு என்று குருவைக் கழற்றிவிட்டுப் புலவரை மட்டும் நிறுத்தினேன். முன்வரிசையில் எல்லா மதத்தாரும் இருப்பார்கள், யார் மனமும் கோணக்கூடாது என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம். அடுத்த விழாவுக்கும் கூப்பிடவேண்டும் என்பதுதான் உண்மை.

அண்மையில் ஒரு கூட்டத்தில் அம்பலக்காட்டையும் உபதேசியார்களையும் சொன்னேன். குருக்கள்பட்டிச் சிறையையும் சொன்னேன். கொட்டாவி விட்டார்கள். கீழே இருந்து அமைப்பாளர், “ஐயா, அந்தத் திவான் கதை... பிள்ளைகள் அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள்” என்றார்.

சொன்னேன். பரிவாரம், பவனி எதையும் விடவில்லை. ‘என்று ஒரு கதை உண்டு’ என்பதை மட்டும், ஒலிபெருக்கியிலிருந்து முகத்தை நன்றாகத் திருப்பிக்கொண்டு சொன்னேன்.