டார்ச்சை மறைச்சுப் பாரு!

ராத்திரி, தண்ணி... இந்த ரெண்டும் சேர்ந்தாலே எங்க அனகாபுத்தூர்க்காரங்களுக்கு 2015 டிசம்பர்தான் ஞாபகம் வரும். அடையாறு தெருவுக்குள்ளே வந்த அன்னிக்கு, மொட்டை மாடியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவன் நான். அப்படிப்பட்டவன் அந்தமான் ஹேவ்லாக்கில் (2018-லிருந்து ஸ்வராஜ் தீவு) இருட்டுக் கடலுக்குள் குதிச்சேன்னா, வீட்டில் இன்னும் நம்பலை!

பகல்ல ஸ்கூபா பயிற்சி முடிச்ச பிறகுதான் நைட் டைவ். 'மூச்சை மட்டும் அடக்காதே' என்பதுதான் முதல் பாடம். இருட்டில் கை சைகை தெரியாதே... டார்ச்சால் வட்டம் போட்டால் 'ஓகே', பக்கவாட்டில் வேகமா ஆட்டினால் 'பிரச்னை'.

இறங்கினதும் நெஞ்சு பறை அடிச்சது. சுத்தியும் கறுப்பு. டார்ச் பட்ட இடத்தில் மட்டும் பவளப்பாறை, பளிச் சிவப்பில்! ஆழம் போகப்போக சூரிய வெளிச்சத்தின் சிவப்பைத் தண்ணி உறிஞ்சிடும். அதான் காலையில் இதே பாறை அழுது வடிஞ்சுது. ஒரு இடுக்கில் கிளிமீன், தான் சுரந்த கோழையையே கொசுவலையா போர்த்திக்கிட்டுத் தூங்குது பாஸ்!

படகிலேயே சொல்லியிருந்தபடி, பயிற்சியாளர் டார்ச்சை நெஞ்சோடு அழுத்தி மறைச்சார். நானும் மறைச்சேன். கும்மிருட்டு. 'செத்தோம்டா'ன்னு கையை வீசினா, விரல் போன வழியெல்லாம் நீலப்பொறி! 2019 ஆகஸ்ட்டில் திருவான்மியூர் பீச்சில் அலை நீலமா மின்னுச்சே, அதே மாதிரி கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களின் வேலை.

மழைக்காலம் வந்தா அம்மா இன்னும் ஆத்தைப் பார்க்க மாடிக்குப் போறாங்க. இப்போ நானும் கூடவே போறேன், டார்ச்சோட.