மஞ்சள் பையில் இருந்த பில்கள்

2025 ஜூன் 24

காலையில் கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி. வருமான வரித் துறையிலிருந்து 143(2) நோட்டீஸ். ஏமாற்றுச் செய்தியாக இருக்குமோ என்று முதலில் தொடவே இல்லை. மத்தியானம் பேரன் வந்ததும், நோட்டீசில் இருந்த ஆவண அடையாள எண்ணைத் துறையின் தளத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 2019 அக்டோபரிலிருந்து துறை அனுப்பும் கடிதங்களில் அந்த எண் இருந்தாக வேண்டும் என்று பென்ஷனர் சங்கக் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். சரிபார்த்தான். உண்மையான நோட்டீஸ்தான்.

2023-24ஆம் வருஷ வருமானத்துக்குப் போன ஜூலையில் போட்ட ரிட்டர்னை ஆய்வுக்கு எடுத்திருக்கிறார்கள். காரணம் ஒரே வரியில் இருந்தது: வீட்டு வாடகை வருமானத்தில் கழித்துக்கொண்ட தொகை. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 27

நான் குடியிருப்பது உறையூரில் அம்மா விட்டுப்போன வீட்டில். கே.கே. நகர் வீட்டை 2011இல் சேமநல நிதிப் பணத்தோடு வங்கிக் கடனும் சேர்த்து வாங்கினேன். கீழ்ப் போர்ஷன் 11,000, மாடிப் போர்ஷன் 10,000. ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு அது பென்ஷனோடு இன்னொரு கை.

மஞ்சள் பையோடு ஆடிட்டர் வீட்டுக்குப் போனேன். இளம்பெண், பக்கத்துத் தெருதான். பையில் பெயின்ட் பில், மோட்டார் பில், செப்டிக் டேங்க் சுத்தம் செய்த ரசீது, கொத்தனார் கூலி எழுதிய தாள். மொத்தம் 78,000. எல்லாவற்றையும் தேதி வாரியாகக் கட்டி வைத்திருந்தேன்.

அவள் பில்களைப் பார்க்கவே இல்லை. ரிட்டர்னைத்தான் பார்த்தாள். "உள்ளாட்சிக்குக் கட்டிய வரின்னு 82,000 காட்டியிருக்கீங்களேம்மா. வீட்டு வரி அவ்வளவா?" என்றாள்.

வீட்டு வரி 4,000தான். மீதி 78,000 இந்தப் பைதான். கணினி மையத்தில் ரிட்டர்ன் போட்டுக் கொடுத்த தம்பி, ரிப்பேர் செலவு எழுதப் படிவத்தில் கட்டமே இல்லை என்றான். "செலவு நிஜம்தானே, எங்கேயாவது போடு" என்று சொன்னது நான்.

ஜூன் 28

தூக்கம் வராமல் அவள் எழுதிக் கொடுத்த கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். 33 வருஷம் கணக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். இது இத்தனை வருஷம் எனக்குப் புரியாமல் போனது வலிக்கிறது.

வருஷ வாடகை 2,52,000. மாடி இரண்டு மாதம் காலி, அதில் போனது 20,000. நின்றது 2,32,000. அந்த வருஷத்துக்குள் நான் கையிலிருந்து கட்டிய வீட்டு வரி 4,000, போக 2,28,000. இதில் 30 சதவீதம், அதாவது 68,400, சட்டமே கழித்துவிடுகிறது. பில் தேவையில்லை, கேள்வி இல்லை. ஒரு ரூபாய்க்கு ஆணி வாங்காவிட்டாலும் அந்தக் கழிவு உண்டு. ஆனால் லட்ச ரூபாய்க்குச் செலவழித்தாலும் அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. மீதி 1,59,600. கடன் வட்டி 38,600. வரிக்கு வரும் வருமானம் 1,21,000.

முன்பெல்லாம் ரிப்பேருக்கு நாலில் ஒரு பங்கு, காப்பீட்டுக்குத் தனி, நிலவரிக்குத் தனி என்று 24ஆம் பிரிவு நீளமாக இருந்ததாம். 2001ஆம் வருஷ நிதிச் சட்டத்தில் எல்லாவற்றையும் சுருட்டி 30 சதவீதமாக்கிவிட்டார்கள். யோசித்தால் இது நியாயமாகத்தான் படுகிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்காத நாலு வருஷமும் இதே கழிவை வாங்கியிருக்கிறேன். அடித்த வருஷத்தில் மட்டும் இரண்டாவது தடவை கேட்டால் எப்படி?

சட்டம் கேட்கும் காகிதங்கள் மூன்றுதான்: வாடகை வந்த கணக்கு, மாநகராட்சி ரசீது, வங்கியின் வட்டிச் சான்று. நான் பத்திரப்படுத்தியது வேறு காகிதங்கள். மாநகராட்சி ரசீதைத் தேடி இன்று முழுக்க பீரோவைக் கவிழ்த்தேன்.

ஜூலை 7

பதிலை இணையத்திலேயே ஏற்றினோம். முகமில்லா மதிப்பீடு என்பதால் எந்த அதிகாரி என்று தெரியாது, நேரில் போய்க் கும்பிடும் வேலையும் இல்லை. தப்பான கட்டத்தில் போட்டதை அப்படியே எழுதினோம். பில்களையும் சேர்த்தோம், கழிவு கேட்டு அல்ல. செலவு கற்பனை இல்லை என்று காட்ட.

மாடி காலியாக இருந்ததற்கு என்ன அத்தாட்சி என்று ஒரு கேள்வி. வாடகை வரவில்லை என்று வாயால் சொன்னால் போதாது. ஈ.பி. கார்டு கைகொடுத்தது. நூறு யூனிட் வரை இலவசம் என்பதால் பில் தொகை எப்போதும் சின்னதாகவே இருக்கும். ஆனால் அந்த இரண்டு மாத ரீடிங்கில் ஏறியது வெறும் ஏழு யூனிட்.

கணக்கில் வந்த 33,000 என்ன என்று இன்னொரு கேள்வி. கீழ் வீட்டுக்காரர் கொடுத்த மூன்று மாத அட்வான்ஸ். திருப்பித் தர வேண்டிய பணம் வாடகை ஆகாது. ஒப்பந்த நகலை இணைத்தோம்.

ஜூலை 19

இன்று ஆடிட்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். 2022-23இல் மாடியில் இருந்தவர்கள் வாடகையைக் கையில்தான் கொடுத்தார்கள். அந்தப் பணத்தை ரிட்டர்னில் காட்டவில்லை. கேட்பாரில்லை என்ற நினைப்புதான். வேறு சமாதானம் சொல்ல மாட்டேன்.

அவள் முகம் சுளிக்கவில்லை. ஆய்வில் இருக்கும் வருஷத்துக்குத் திருத்திப் போட வழியில்லை, ஆனால் 2022-23க்குப் புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம் என்றாள். இரண்டு வருஷமாக இருந்த கெடுவை இந்த ஏப்ரலிலிருந்து நாலு வருஷமாக்கியிருக்கிறார்கள். தாமதமாக ஆக விலை ஏறும்: முதல் வருஷத்தில் வரியும் வட்டியும் சேர்ந்த தொகைக்கு மேல் 25 சதவீதம், அடுத்து 50, பிறகு 60, 70. எனக்கு 50. நகைச் சீட்டுக்கு வைத்திருந்த பணத்திலிருந்து கட்டினேன். வங்கியை விட்டு வெளியே வந்தபோது மூச்சு சீராக இருந்தது.

ஆகஸ்ட் 23

புதிய வருமான வரிச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்துவிட்டார் என்று பேப்பரில். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பிரிவு எண்கள் மாறும், 30 சதவீதம் அப்படியே இருக்கும் என்றாள் ஆடிட்டர்.

செப்டம்பர் 9

இந்த வருஷ ரிட்டர்ன். கடைசி நாளை 15ஆம் தேதிக்குத் தள்ளியிருக்கிறார்கள். அவள் பெயின்ட் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். வளையலை வங்கியில் வைத்து 70,000 வாங்கியிருந்தேன். போன வருஷம் ஆகஸ்டில் மீட்டேன்.

"அதை ஏம்மா சொல்லலை?" என்று பேனாவைக் கீழே வைத்தாள். ரிப்பேர் செலவுக்குக் கழிவு கிடையாது. ஆனால் ரிப்பேருக்காக வாங்கிய கடனின் வட்டிக்கு உண்டு! வீடு வாங்க, கட்ட, பழுது பார்க்க, எதற்காக வாங்கியிருந்தாலும் சரி, அந்தக் கடன் வீட்டுக்கடன் என்ற பெயரில் இருக்க வேண்டியதில்லை. பணம் வீட்டுக்குள் போனதைக் காட்ட வேண்டும். அதற்குத்தான் அந்த மஞ்சள் பை பில்கள் அத்தாட்சி. 2024 ஏப்ரலுக்குப் பிறகான வட்டி 2,625 ரூபாயைக் கழித்தோம். முந்தைய வருஷத்து வட்டி போனது போனதுதான், திருத்தும் கெடு ஜனவரி 15ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

அக்டோபர் 12

கீழ் வீட்டுத் தம்பி வந்தார். கம்பெனியில் வீட்டு வாடகைப்படிக்கு ரசீது கேட்கிறார்கள். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணும் வேண்டும். "டீச்சரம்மா, மாசம் 14,000ன்னு போட்டுக் குடுத்தா எனக்குக் கொஞ்சம் மிச்சமாகும். உங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்லையே" என்றார்.

உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். அந்த ரசீது என் பான் எண்ணின் கீழ்தான் போய் நிற்கும், உங்கள் கணக்கும் என் கணக்கும் ஒன்றையொன்று பார்க்கும் தம்பி என்றேன். 11,000 என்றே எழுதி, கூடவே பான் எண்ணையும் கொடுத்தேன். குழந்தைக்கு ஸ்கூல் பீஸ் கட்டும் மாதம் என்று எனக்குத் தெரியும். இந்த மாத வாடகையை இருபதாம் தேதிக்கு மேல் தரச் சொன்னேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

நவம்பர் 19

ஆணை வந்தது. மாடி காலியாக இருந்ததை ஏற்றுக்கொண்டார்கள், அட்வான்சையும். 78,000ஐ ஏற்கவில்லை; அதிலும் 30 சதவீதக் கழிவு போக 54,600ஐ வருமானத்தில் சேர்த்திருக்கிறார்கள். 20 சதவீதமும் செஸ்சும் சேர்த்து 11,357 ரூபாய். மூத்த குடிமக்களில் தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு முன்கூட்டிய வரி கிடையாது என்பதால் அதற்கான வட்டி இல்லை.

அபராதம்தான் பயம். குறைத்துக் காட்டியதாக எடுத்தால் வரியில் பாதி, 5,678. தவறாகக் காட்டியதாக எடுத்தால் வரியைப் போல் இரட்டிப்பு, 22,714. ஆணையில் முதல் வகை என்றுதான் இருக்கிறது. மறைக்காமல் பதில் எழுதியது காரணமாக இருக்கலாம் என்றாள் ஆடிட்டர்.

டிசம்பர் 8

வரியைக் கட்டி, மேல்முறையீடு செய்வதில்லை என்று எழுதிக்கொடுத்து, அபராதத்திலிருந்து விலக்குக் கேட்டு 68ஆம் எண் படிவத்தை ஏற்றினோம். ஆணை கிடைத்த மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டிய காரியம். முடிவு தெரிய மூன்று மாதம் ஆகலாம்.

திரும்பும் வழியில் மாநகராட்சி வசூல் மையத்தில் இரண்டாம் அரையாண்டு வீட்டு வரியைக் கட்டினேன். மாடியில் தளம் ஒழுகுகிறது என்று போன் வந்தது. கொத்தனார் 22,000 கேட்கிறார். கடன் வாங்கினால் வட்டியைக் கழிக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வேண்டாம், வளையல் கையிலேயே இருக்கட்டும். பொங்கலுக்கு முன் முடித்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.