கருக்களாச்சேரியில் ஒரு 'டேப்' டெஸ்ட்!

லேப்டாப்பா... டேப்லெட்டா? கேன்டீன் டீ ஆறிப்போனாலும் முடியாத பட்டிமன்றம் இது. ஏ.சி. ரூம்ல உட்கார்ந்து தீர்ப்பு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. நாம கொஞ்சம் உப்புக் காத்துல நின்னு பார்ப்போமேனு கிளம்பிட்டேன். வாங்க, கருக்களாச்சேரிக்கு ஒரு ரவுண்டு!

காரைக்கால் கடலோரத்துல வரிசையா இருக்கிற மீனவ கிராமங்கள்ல ஒண்ணு இது. கிழக்கே கடல், மத்த மூணு பக்கமும் தமிழ்நாடு, நடுவுல புதுச்சேரி யூனியன் பிரதேசத்தோட ஒரு துண்டு. அதான் காரைக்கால். 1954 நவம்பர் 1 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சி. 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தப்போ, புதுச்சேரி பிரதேசத்துலேயே அதிக உயிர்கள் போனது இந்தக் காரைக்கால் கரையிலதான். அதைப் பார்த்த தலைமுறையோட பிள்ளைங்கதான் இன்னிக்கு நம்ம கூட காலேஜ்ல படிக்கிறாங்க.

அப்படி ஒரு நண்பன் வீட்டுலதான் ரெண்டு நாள் டேரா. கடன் வாங்கின 11 இன்ச் ஆண்ட்ராய்டு டேப்லெட், ஒரு புளூடூத் கீபோர்டு, ஒரு பேனா... இவ்வளவுதான் லக்கேஜ். லேப்டாப்பை வேணும்னே விட்டுட்டுப் போனேன்.

அங்கே இந்தக் கேள்வி விளையாட்டு இல்ல பாஸ். நண்பன் மெக்கானிக்கல். தங்கச்சி பி.காம். அப்பா விசைப்படகுல தொழிலுக்குப் போறவர். வருஷா வருஷம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில, வருமானமும் கரையில! அதுக்குள்ள வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கணும். "ஒண்ணுதான் தம்பி வாங்க முடியும். எதுன்னு யோசிச்சுச் சொல்லு"னார் அப்பா. பொறுப்பு நம்ம தலையில!

முதல் ரவுண்டு: கடற்கரை

காலையில கரையில உட்கார்ந்து நெட்வொர்க்ஸ் நோட்ஸ் படிச்சேன். பழைய கொஸ்டின் பேப்பர் பி.டி.எஃப்.பைத் திறந்து பேனாவால கோடு போட்டு, பக்கத்துலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, இந்த வேலைக்கு டேப்லெட்டை அடிச்சுக்க ஆள் இல்ல. இன்டெக்ரேஷனையும் சர்க்யூட்டையும் கீபோர்டுல தட்டிப் பாருங்க, கண்ணைக் கட்டிடும்.

இன்னொரு மேட்டர், உப்பு. பெரும்பாலான லேப்டாப்புக்குள்ள ஃபேன் சுத்தும். வெளிக்காத்தை உள்ளே இழுத்துத்தான் சூட்டைத் தணிக்கும். கடலோரத்துல காத்தோட சேர்ந்து உப்பும் ஈரமும் உள்ளே போகும். உப்பு ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், போர்டுல இருக்கிற செம்பு மெல்ல அரிக்கும். டேப்லெட்ல ஃபேன் கிடையாது, ஓட்டையும் கம்மி. ஆனா சார்ஜிங் போர்ட் ஜாக்கிரதை! ஈரத்தோட சொருகினா அதுவும் அரிச்சுப் போகும்.

கரன்ட் போனா? டேப்லெட்டை சாதாரண பவர்பேங்க்ல போட்டுக்கலாம். லேப்டாப் பல நேரம் 45, 65 வாட்னு கேட்கும். நம்ம குட்டி பவர்பேங்க் கையை விரிச்சுடும். முதல் ரவுண்டு டேப்லெட்டுக்கே!

ரெண்டாவது ரவுண்டு: திண்ணை

மதியம் திண்ணையில ரிப்போர்ட் டைப் பண்ண உட்கார்ந்தேன். வேர்டு ஆப் திறந்ததுமே செக்! திரை 10.1 இன்ச்சுக்கு மேல போனா, எடிட் பண்ண சந்தா கட்டணும்னு மைக்ரோசாஃப்ட் விதி. போன்ல ஃப்ரீ, பெரிய டேப்லெட்ல காசு! சரினு கூகுள் டாக்ஸுக்குத் தாவினேன். கீபோர்டு இருந்ததால வேகத்துக்குக் குறைச்சல் இல்ல. ஆனா பொருளடக்கம், பக்க எண், நாலு டேபிள்னு அலைன்மென்ட் பண்றதுக்குள்ள தாவு தீர்ந்துடுச்சு.

புரோகிராம்? டெர்மக்ஸ் போட்டா டேப்லெட்லேயே சி, பைத்தான் ரெண்டும் ஓடும். மேட்லாப் ஆன்லைன், கூகுள் கோலாப் எல்லாம் பிரவுசர்ல வரும். சிக்னல் நல்லா இருக்கிற வரைக்கும் நீங்க ராஜா. சிக்னல் போச்சா... கடலைப் பார்த்துட்டு உட்கார வேண்டியதுதான்.

இதுக்கு மேலதான் வில்லன் என்ட்ரி. நண்பனுக்கு வேணும்ங்கிறது சாலிட்வொர்க்ஸ். அது விண்டோஸ்லதான் ஓடும். ஆட்டோகேட் ஆப் இருக்கு, டிராயிங்கைப் பார்க்கலாம், சின்னச் சின்னதா திருத்தலாம். முழு புராஜெக்ட்டை அதுலேயே முடிக்கிறது கஷ்டம். 'பி.காம்-க்கு டேப்லெட் போதுமே'னு தங்கச்சி பக்கம் திரும்பினா, அங்கே டேலி நிக்குது. டேலி பிரைமும் விண்டோஸ் ஆசாமிதான்!

கரையில கிடைச்ச பாடம்

சாயங்காலம் அப்பாகிட்ட நிலவரத்தைச் சொன்னேன். சிரிச்சுட்டார். "ஃபைபர் போட்டு விடியக்காலையில போயிட்டு மதியத்துக்குள்ள கரைக்கு வந்துடும். சிக்கனம். ஆனா நாலு நாள் தங்கித் தொழில் பண்ணணும்னா விசைப்படகுதான். ரெண்டும் படகுதான் தம்பி. எத்தனை நாள் தங்கப் போறேங்கிறதுதான் கேள்வி."

ரெண்டு நாளா நான் மண்டையை உடைச்சதுக்கு ரெண்டு நிமிஷத்துல விடை! விசைப்படகுல பாருங்க, இடம் காட்ட ஜி.பி.எஸ்., ஆழம் பார்க்க எக்கோ சவுண்டர், பேச வயர்லெஸ். வேலைக்கு ஒரு கருவி. ஒண்ணை வச்சு எல்லாத்தையும் ஓட்டணும்னு அவங்க அடம் பிடிக்கிறதில்ல.

எல்லைக்கு அந்தப் பக்கம்...

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் இல்ல, அரசாங்கங்களுக்கும் உண்டு. பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. பேராசிரியர்கள் சேர்ந்து உருவாக்கின 'சிம்ப்யூட்டர்' ஞாபகம் இருக்கா? பேனாவால தொட்டு இயக்குற குட்டிக் கம்ப்யூட்டர். 2004-ல விற்பனைக்கும் வந்துச்சு, ஆனா எடுபடல. 2011 செப்டம்பர் 15-ல தமிழ்நாட்டுல இலவச லேப்டாப் திட்டம் ஆரம்பம். அதே வருஷம் அக்டோபர் 5-ல டெல்லியில 'ஆகாஷ்' டேப்லெட் அறிமுகம். 7 இன்ச் திரை, 256 எம்.பி. ராம். உலகமே திரும்பிப் பார்த்த விலை, ஆனா வேகம் ஆமை. காலேஜ் வேலைக்குத் தாங்கல.

அப்புறம் 2025 மார்ச்ல தமிழ்நாடு பட்ஜெட். 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு, அவங்க விருப்பப்படி கைக்கணினி அல்லது மடிக்கணினினு அறிவிப்பு. நம்ம கேன்டீன் பட்டிமன்றம் சட்டசபை வரைக்கும் போயிடுச்சு! கடைசியில டெண்டர் வந்தது லேப்டாப்புக்குத்தான். 8 ஜி.பி. ராம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 2026 ஜனவரியில கொடுக்க ஆரம்பிச்சாங்க.

ஆனா காரைக்கால் காலேஜ்ல படிக்கிற நம்ம நண்பன் புதுச்சேரி கணக்கு. அதனால அந்த லிஸ்ட்ல அவன் பேர் வராது. வாஞ்சூர் தாண்டி நாகப்பட்டினம் அரசுக் கல்லூரியில படிக்கிறவனுக்கு உண்டு. நடுவுல ஒரு பஸ் தூரம்தான். அதனாலதான் இந்த வீட்டுல எது வாங்குறதுங்கிறது அவ்வளவு பெரிய கேள்வி.

தீர்ப்பு சொல்லட்டுமா?

டேப்லெட் யாருக்கு: நோட்ஸ், பி.டி.எஃப்., ஆன்லைன் கிளாஸ், போட்டித் தேர்வுப் படிப்பு, மெயில்... இதுதான் உங்க தினசரி வேலைன்னா தாராளமா வாங்குங்க. நாள் முழுக்க பேட்டரி நிக்கும், பையும் கனக்காது.

லேப்டாப் யாருக்கு: சாலிட்வொர்க்ஸ், டேலி, நீளமான ரிப்போர்ட், இன்டர்ன்ஷிப் வேலை இருக்கிற எல்லாருக்கும்.

கணக்குப் பாருங்க: டேப்லெட் விலையோட கீபோர்டு, பேனா, கவர் எல்லாத்தையும் கூட்டுங்க. சாதா லேப்டாப் விலைக்குப் பக்கத்துல வந்து நிக்கும்!

ரிப்பேர்: நிறைய லேப்டாப்ல எஸ்.எஸ்.டி. மாத்தலாம், பேட்டரி மாத்தலாம், சிலதுல ராம் கூட்டலாம். டேப்லெட்ல பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருப்பாங்க. கழட்டவே ஸ்பெஷல் ஆள் வேணும்.

வாங்குறதுக்கு முன்னாடி: உங்க சிலபஸை எடுத்து, லேப்ல எந்தெந்த சாஃப்ட்வேர்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. அதுல ஒண்ணே ஒண்ணு விண்டோஸ் மட்டும்னு இருந்தாலும் முடிவு தானா வந்துடும்.

கருக்களாச்சேரி வீட்டுக்கு நான் சொன்னது லேப்டாப்தான். அண்ணனுக்கு ராத்திரி, தங்கச்சிக்குப் பகல்னு ஷிஃப்ட்டும் போட்டாச்சு. பி.டி.எஃப். படிக்க வீட்டுல இருக்கிற போனே போதும். அப்பாவோட ஒரே கண்டிஷன்: "வேலை முடிஞ்சதும் துடைச்சு, மூடி, பெட்டியில வைக்கணும். உப்புக் காத்து யாரையும் விடாது!"