கோளாறு எங்கே?

சிலர் ஓய்வு நேரத்தில் சீட்டாடுவர். சிலர் தபால்தலை சேர்ப்பர். எனக்கோ கணிப்பொறிக் கோளாறுகளைத் துருவிப் பார்ப்பதே பொழுதுபோக்கு. நான் பயில்வது வரலாறு. ஆயினும் தில்லியில் எங்கள் விடுதியில் எனக்கு ‘வைத்தியர்’ என்றே பெயர்.

சென்ற பருவத்தில் ஒரு மாலை, திருநெல்வேலித் தம்பி ஒருவன் பதைபதைத்து வந்தான். “அண்ணே, உதவித்தொகைக்கு இன்றே கடைசி நாள். எந்தத் தளமும் திறக்கவில்லை. கடைக்காரர் புதுக் கணிப்பொறி வாங்கச் சொல்கிறார்” என்றான். அத்தொகை வராவிடில் அவன் படிப்பு அத்துடன் நின்றுவிடும்.

அதே இணைப்பில் என் கைப்பேசி தளத்தைத் திறந்தது. ஆகவே தளத்தின்மீதும் பழியில்லை, இணைப்பின்மீதும் பழியில்லை. அவன் திரையின் மூலையை நோக்கினேன். 2009 ஜனவரி 1 என்றிருந்தது!

பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும், தொடக்க நாளும் முடிவு நாளும் குறித்த சான்றிதழ் ஒன்றை நீட்டும். நம் பொறி அதைத் தன் தேதியோடு ஒப்பிடும். பொறியின் காலம் பிசகினால், மெய்யான சான்றும் செல்லாததாகிவிடும். மின்சாரம் இல்லாதபோது அக்கடிகாரத்தை ஓட்டுவது நாணயம் போன்ற 3 வோல்ட் பாட்டரி. அது தீர்ந்திருந்தது.

தேதியைத் திருத்தினோம், விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் சி.ஆர்.2032 பாட்டரி ஒன்றை மாற்றினோம்.

தோழர்களே, பொறி மக்கர் செய்தால் அஞ்சாதீர்கள். சரியாக இருப்பவற்றை ஒவ்வொன்றாக விலக்கி வாருங்கள். எஞ்சி நிற்பதில் கோளாறு இருக்கும். பெரும்பாலும் அது மிகச் சிறியதாகவே இருக்கும்.