மீன் வருமுன்

சிறுவன் ஒருவன் வளர்த்த சின்னப் பறவை இறந்துபோனபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவனிடம் பறவையைப் பற்றிப் பரிவோடு விசாரித்த செய்தியை நம்மில் பலரும் அறிவோம். அந்தச் சிறுவன் அனஸ் இப்னு மாலிக் (ரழி) அவர்களின் தம்பி அபூ உமைர். ஹிஜ்ரி 335இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ், இந்தச் சிறிய செய்தியிலிருந்து அறுபது பயன்களை எடுத்துத் தனி ஏடே எழுதினார். பறவையைக் கூட்டில் வைத்து வளர்க்கலாம் என்பதற்கும் அறிஞர்கள் இதையே ஆதாரமாகக் காட்டுவர். ஆனால் தீனி வேண்டும், நீர் வேண்டும், இம்சை கூடாது. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் கொன்ற பெண்ணின் செய்தி மறுபுறத்தில் நிற்கிறது.

கடல்மீனுக்கு இந்த நிபந்தனைகள் போதா. தீனிக்கும் முன்னதாக நீரைப் பக்குவப்படுத்த வேண்டும். அதற்கு நாலு முதல் ஆறு வாரம் செல்லும். அத்தனை நாளும் தொட்டியில் பார்ப்பதற்கு ஒன்றுமே இராது.

சோனகத் தெருவில் எங்கள் வீடிருந்த இடத்தில் இன்று அத்திவாரம் மட்டுமே உண்டு. ஆகவே வேலை நிமித்தம் இணுவிலில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். தவில் மேதை தெட்சணாமூர்த்தியைத் தந்த ஊர். செம்மண் தோட்டங்களுக்கு நடுவே, இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டியில் முருகைக் கடலின் ஒரு துண்டை வைத்திருக்க ஆசைப்பட்டேன். கல்லும் மணலும் போக 45 லீற்றர் நீர் கொள்ளும். ஆசை கற்பிட்டியில் பிறந்தது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு அங்கே ஓலைக் கொட்டிலில் வளர்ந்த எனக்கு, அலங்கார மீன் பிடிக்கச் சுழியோடுபவர்கள் கரைக்குக் கொண்டுவந்த வண்ணங்களே பள்ளிக்கூடமாயிருந்தன. 1998இல் கடல் சூடேறி அங்குள்ள முருகைகள் வெளிறிச் செத்ததையும் அவர்கள் வாயால்தான் கேட்டேன்.

மீனின் கழிவும் எஞ்சிய தீனியும் அமோனியாவாக மாறும். அது நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்று ஆக்கும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதனை நைத்திரேற்று ஆக்கும்; இதன் கொடுமை மிகக் குறைவு. இந்தப் பற்றீரியாக்களை 1890 அளவில் பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராத்ஸ்கி. இவை பெரும்பாலும் நீரில் மிதப்பவை அல்ல. கல்லிலும் மணலிலும் படிந்து, மெல்லப் பெருகுபவை. இவை குடியேறும் வரை தொட்டி வெறும் கண்ணாடிப் பெட்டி.

முன்பெல்லாம் விலை மலிந்த ஒரு மீனை முதலில் விடுவார்கள். அதன் கழிவில் பற்றீரியா வளரும். மீன் பிழைத்தால் பிழைக்கும், செத்தால் இன்னொன்று. நான் அதை இம்சை என்றே சொல்வேன். ஆயத்தமில்லாத இடத்தில் உயிர்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பிழைத்தவர்களைக் கணக்கெடுக்கும் வழக்கம் மீன்களோடு நின்றுவிட்ட ஒன்றல்ல. மீள்குடியேற்றக் காலத்தில் கிணறும் கூரையும் இல்லாத காணிகளில் நின்றவர்களுக்கு இது விளங்கும்.

பச்சை இறால் ஒன்றை அழுகவிடுவது மற்றொரு வழி. வீட்டுக்கார அம்மா சுத்த சைவம். அவர் கூரையின் கீழ் இறாலை நாறவிட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே நவச்சாரத்தை நாடினேன். ஈயம் பூசுபவர்களின் அதே நவச்சாரம்தான், அரபியில் நூஷாதிர். ஜாபிர் இப்னு ஹையானின் பெயரால் வழங்கும் இரசவாத நூல்களில் அதற்குப் பெரிய இடமுண்டு. ஆய்வுகூடத் தரமானதாக வாங்கி, 45 லீற்றருக்கு 0.3 கிராம் அளவில், ஒரு சிட்டிகைதான், கரைத்தால் லீற்றருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் அமோனியா கிடைக்கும். மீன் இல்லாமலே மீனின் கழிவு.

கல்லுக்கு வருவோம். உயிருள்ள கல்முருகைகளைத் தொடுவதற்கில்லை, சட்டம் காக்கிறது. கரையோர முருகைக்கல்லை அகழ்வதும் தடை. நெடுந்தீவில் வேலியே முருகைக்கல்தான் என்றாலும், அது வேறு காலத்து வேலி. கொழும்பில் ஒரு நண்பரின் தொட்டியில் பல காலம் கிடந்த கல்லில் நாலு துண்டு வாங்கிவந்தேன். அந்தக் கல்லோடு பற்றீரியாவும் வந்தது.

மிகப் பெரிய கேள்வி நீர்தான். சோற்றுப்பானையில் போடும் ஆனையிறவு உப்பைக் கரைத்தால் கடலாகாது. உப்பளத்தில் உப்பு விளையும்போது மகனீசியம் அடி நீரிலேயே தங்கிவிடும், கல்சியத்தின் பெரும்பகுதி அதற்கு முன்னரே படிந்துவிடும். முருகைக்கு இவை இரண்டும் உயிர். கடலிலிருந்தே நீர் எடுக்கலாம். பத்துக் கிலோமீற்றர் சொச்சம் வடக்கே போனால் கீரிமலை. ஆனால் அங்கே நன்னீர் ஊற்று கடலோடு கலக்கிறது, கரையோரம் உப்புக் குறையும். தொழிலுக்குப் போகும் ஒருவரிடம் கான்களைக் கொடுத்து, ஆழப் பகுதியிலிருந்து எடுப்பித்தேன். ஆவியாகும் நீரை ஈடுசெய்ய நன்னீர் வேண்டும். சித்திரை வெயிலில் தொட்டியைக் குளிர்விக்க மின்விசிறி பிடித்தால் தினமும் ஒரு லீற்றராவது போகும்.

"எங்கட கிணத்துத் தண்ணியை விடுங்கோவன் தம்பி. இதைவிட நல்ல தண்ணி எங்க கிடைக்கும்?" என்றார் அம்மா.

விடுவதற்கு முன் சோதித்தேன். குழாயில் துளிகளை விட்டுக் குலுக்கி ஐந்து நிமிடம் வைத்தால் நிறம் மாறும். மஞ்சளாயிருந்தால் நைத்திரேற்று இல்லை. அம்மாவின் கிணற்று நீர் செம்மஞ்சளைத் தாண்டிச் சிவந்தது. ஒரு மாதமாக நவச்சாரம் ஊட்டிய என் தொட்டி நீரைவிடச் சிவப்பு.

இது அம்மாவின் கிணற்றுக்கு மட்டும் உரிய செய்தியல்ல. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டனர். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் இடும் யூரியாவும் எருவும், கிணற்றுக்கு அருகே வெட்டிய மலக்குழிகளும் அமோனியாவைத் தருகின்றன. செம்மண்ணிலுள்ள பற்றீரியா அதைப் பக்குவமாக நைத்திரேற்று ஆக்குகிறது. என் தொட்டியில் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது. தொட்டியில் நைத்திரேற்று ஏறினால் நீரை மாற்றலாம். சுண்ணக்கல்லுக்குள், உவர் நீரின் மேல் மிதக்கும் இந்த நன்னீர் வில்லையை யார் மாற்றுவது? அது கல்வெடிப்புகளின் வழியே மெல்லக் கசிந்து போய்ச் சேருமிடமும் கடல்தான். முருகைகள் உள்ள அதே கடல். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது 2014, 2015இல் ஊரே திரண்டது. நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஊர்வலமும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. அந்த வரம்பு வகுக்கப்பட்டதே போத்தல்பால் குடிக்கும் கைக்குழந்தைகளை எண்ணி. மிகையானால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கும். அம்மாவின் மகளுக்கு நான்கு மாதக் குழந்தை, போத்தல்பால்தான். குழாயை வெளிச்சத்தில் காட்டிச் சொன்னேன்.

"நாங்கள் கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறம்."

கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை, ஆனாலும் சொன்னேன். வாடகைக்கு இருக்கும் ஒரு சோனகன் வந்து, தலைமுறைகள் குடித்த கிணற்றைக் குறை சொல்கிறான் என்று எண்ணுவாரோ என்ற கூச்சமும் இருந்தது. அம்மா குழாயை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "அப்ப பிள்ளைக்கு?" என்று மட்டும் கேட்டார். தொட்டிக்கென்று நான் வாங்கி வைத்திருந்த, சவ்வு வழியே சுத்திகரித்த நீர்க் கானைத் தூக்கிக் கொடுத்தேன். துளிச் சோதனை ஆய்வுகூடத்துக்கு ஈடாகாது, ஒரு தடவை முறையாகக் கொடுத்துப் பாருங்கள் என்றும் சொல்லிவைத்தேன்.

முப்பத்தெட்டாம் நாள் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாயின. மீண்டும் ஒரு சிட்டிகை நவச்சாரம் இட்டேன். இருபத்துநாலு மணிக்குள் இரண்டும் மறைந்தன. பாதி நீரை மாற்றி முதலில் நத்தைகளை விட்டேன். பத்து நாள் கழித்து, கூட்டில் பிறந்து வளர்ந்த கோமாளி மீன் ஒன்று. நண்பர் தன் தொட்டியில் வளர்த்து வெட்டித் தந்த மென்முருகைத் துண்டு மூன்றாம் நாள் கைகளை விரித்தது.

அதைப் பார்க்க வந்தவர்களைவிடப் போத்தலோடு வந்தவர்களே அதிகம். அம்மா ஒழுங்கையெல்லாம் சொல்லிவிட்டார். ஒவ்வொன்றிலும் வீட்டுப் பெயரை ஒட்டி மேசையில் அடுக்கியிருக்கிறேன். தோட்டக் கிணறு மூன்று, வீட்டுக் கிணறு ஆறு. நைத்திரேற்றுத் துளி தீர்ந்துவிட்டது. கொழும்புக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும்.