கொல்லிமலைக்கு எத்தனை குதிரை?

மோட்டார் சைக்கிள் வாங்கப் போனால் 'எவ்வளவு கொடுக்கும்?' என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது. 350 சி.சி.யிலிருந்து 650 சி.சி. வரையிலான நடுத்தர வண்டிகளைத் தேடி வருகிறவர்கள் இப்போது மைலேஜைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். குதிரைத்திறன் எவ்வளவு, நூறைத் தொட எத்தனை வினாடி என்பதில்தான் பேச்சு தொடங்குகிறது. விளம்பரத் தாளிலும் அந்த எண்தான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. நம் சாலைகளில் ஒரு நடுத்தர வண்டியை எடைபோட அந்த எண் அநேகமாக உதவாது என்பது என் கட்சி. ஆக்சிலரேட்டரைப் பாதி திருகிய நிலையில், கியரைத் தொடாமல், இஞ்சின் எப்படி இழுக்கிறது என்று பார்த்தால் வண்டியின் தரம் தெரிந்துவிடும். இதைப் பொதுவாகச் சொன்னால் எடுபடாது. சென்னையிலிருந்து கொல்லிமலை வரை ஒரு சாலையையும், அதில் ஓட ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-ஐயும் எடுத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. சாலையில் சிங்கப்பெருமாள் கோயில் தாண்டும்போது வலப்பக்கம் பிரியும் சாலையில் போனால் ஒரகடம். அந்த வட்டாரத்தில்தான் கம்பெனியின் ஆலைகள் இருக்கின்றன. இந்த வண்டிக்கு இது சொந்த ஊர்ச் சாலை.

முதலில் காகிதத்தில் உள்ளதைப் பார்த்துவிடலாம். 2018-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த இன்டர்செப்டரின் இஞ்சின் 648 சி.சி.; பக்கத்தில் பக்கமாக இரண்டு சிலிண்டர், காற்றாலும் ஆயிலாலும் குளிர்வது. உச்சத்திறன் 47 குதிரை, அது வருவது 7,000 ஆர்.பி.எம்.-ஐத் தாண்டிய பிறகு. இழுவைக்கான கணக்கு, அதாவது டார்க், 52 நியூட்டன் மீட்டர். அதன் உச்சம் 5,200 சுற்றை ஒட்டி. இதன் பக்கத்தில் கே.டி.எம். 390 டியூக்கின் இன்றைய வடிவத்தை நிறுத்துங்கள். 399 சி.சி., ஒற்றைச் சிலிண்டர், 8,500 சுற்றில் 46 குதிரை, 6,500 சுற்றில் 39 நியூட்டன் மீட்டர். குதிரையை மட்டும் எண்ணுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். எடை குறைந்த, விலை குறைந்த டியூக்கை விட்டு இன்டர்செப்டரை எடுக்க ஒரு காரணமும் இருக்காது. ஆனால் இன்டர்செப்டரின் டார்க்கில் 80 விழுக்காடு 2,500 சுற்றிலேயே கிடைத்துவிடும் என்பது வண்டி அறிமுகமான நாளிலிருந்து கம்பெனி சொல்லிவரும் கணக்கு. 52-இல் 80 விழுக்காடு என்றால் 41-ஐத் தாண்டுகிறது. டியூக் 6,500 சுற்றுக்கு ஏறி எட்டும் உச்சத்தைவிட இது அதிகம், இஞ்சின் ஏறத்தாழ முணுமுணுத்துக்கொண்டிருக்கும் வேகத்தில். குதிரைத்திறன் என்ற ஒற்றை எண்ணில் இந்த வித்தியாசம் துளியும் தெரியாது.

இனி சாலைக்கு வருவோம். பெருங்களத்தூர் நெரிசலைக் கடந்து, செங்கல்பட்டிலிருந்து திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை வரை நான்கு வழிச் சமவெளி. இதில் இருசக்கர வாகனத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகம் 80 கிலோமீட்டர். வண்டியும் ஆளுமாக 300 கிலோ, நிமிர்ந்து உட்கார்ந்த நிலை என்று வைத்துக்கொண்டு காற்றின் எதிர்ப்பையும் டயரின் உராய்வையும் கணக்குப் போட்டால், 80-இல் ஓட எட்டுப் பத்து குதிரைகள் போதும். 120-க்குப் போனால் தேவை இருபதைத் தாண்டும். வேகம் ஒன்றரை மடங்கானால் காற்று கேட்கும் திறன் மூன்று மடங்குக்கு மேல் ஏறுகிறது. ஆக, 47 குதிரையில் முப்பத்தேழு நாள் முழுக்கச் சும்மா கூடவே வருகின்றன. அவற்றை அவிழ்த்துவிட வேறு சாலை இருக்கிறதே என்பீர்கள். பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் பிரதான வழியில் 2023 ஆகஸ்ட் முதல் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதியே இல்லை. ஆறாவது கியரில் நூறில் போகும்போதுகூட இன்டர்செப்டரின் முள் நாலாயிரத்துக்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறது. 80-இல் மூவாயிரத்தை ஒட்டி. உச்சத்திறன் பிறக்கும் 7,000 பக்கம் இந்தப் பயணத்தில் முள் எட்டிப் பார்க்கவே வேண்டியதில்லை. எட்டிப் பார்க்காத இடத்தில் என்ன இருந்தால் நமக்கென்ன?

இந்த மூவாயிரத்தில் வண்டி எப்படி ஒலிக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. அக்காலத்து பிரிட்டிஷ் இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கும். கைப்பிடி அதிர்ந்து விரல் மரத்துப்போவதற்கு அது ஒரு காரணம். இன்டர்செப்டரின் கிராங்க் 270 பாகையில் வெட்டப்பட்டது. முதல் வெடிப்புக்கும் இரண்டாவதற்கும் இடையே 270 பாகை, பிறகு 450 பாகை என்று சமமில்லாத தாளம். அதிர்வை விழுங்க உள்ளே ஒரு பேலன்சர் தண்டும் சுற்றுகிறது. மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓட்டினாலும் கை மரத்துப்போகாத வண்டி என்றால் அதற்கு இதுவே காரணம். எந்தத் தரவுத் தாளிலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

உளுந்தூர்ப்பேட்டையில் வலப்பக்கம் திரும்பிச் சேலம் சாலையில் ஏறிய பிறகுதான் உண்மையான சோதனை. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் என்று ஊருக்கு ஊர் புறவழிச்சாலை வரும் இந்தத் தடம், நான்கு வழியாக வந்த சாலை அந்த இடங்களில் சட்டென்று இரண்டு வழியாகச் சுருங்கியதாலேயே விபத்துக்குப் பேர்போனது. இது மரவள்ளிக் கிழங்கு நாடு. ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு ஏற்றிய லாரி முன்னால் 60-65-இல் ஊர்ந்துகொண்டிருக்கும். பாரத்தின் மேல் கட்டிய கயிறு தளர்ந்து, தார்ப்பாயின் ஒரு மூலை காற்றில் அடித்துக்கொண்டிருக்கும். டிரைவர் வலது இண்டிகேட்டரைப் போடுவார். 'தாண்டிப் போ' என்கிறாரா, 'நான் வலப்பக்கம் திரும்பப் போகிறேன்' என்கிறாரா என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். எதிர்ப்பக்கம் காலியாக இருப்பது ஐந்தாறு வினாடி. அந்த நேரத்தில் இன்டர்செப்டரில் செய்ய வேண்டியது மணிக்கட்டைத் திருப்புவது ஒன்றுதான். ஆறாவது கியரிலேயே, 2,500-ஐ ஒட்டிய சுற்றிலிருந்து, வண்டி இழுத்துக்கொண்டு போய் லாரியின் முன்சக்கரத்தைத் தாண்டிவிடும். கண் சாலையிலேயே இருக்கும். இடது கால் கியரைத் தேடாது. வேகத்தைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

இங்கே இயற்பியல் தெரிந்த ஒருவர் குறுக்கிடுவார்; அவருடைய ஆட்சேபம் வலுவானது. இஞ்சினில் இருக்கும் டார்க்கை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது, பின்சக்கரத்துக்கு வந்து சேருவதுதான் கணக்கு, இடையில் கியர்பெட்டி என்று ஒன்று இருக்கிறதே என்பார். உண்மை. வேகமாகச் சுற்றும் இஞ்சினுக்குப் பல்லிணையைக் குறைத்துக் கொடுத்தால், இஞ்சினில் குறைவாக உள்ள டார்க் சக்கரத்தில் பெருகிவிடும். ஒரே திறனுள்ள இரண்டு வண்டிகள், இரண்டும் தத்தம் உச்சச் சுற்றில் வைத்து ஓட்டப்பட்டால், சக்கரத்தில் ஏறத்தாழ ஒரே தள்ளலைத்தான் கொடுக்கும். டியூக் ஐம்பது கிலோ அளவுக்கு இளைத்தது என்பதால், இரண்டு கியர் இறக்கி முறுக்கினால் இன்டர்செப்டரை முந்தியே போகும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாதம் 'உச்சச் சுற்றில் வைத்து ஓட்டப்பட்டால்' என்ற நிபந்தனையில்தான் நிற்கிறது. பந்தயத் தடத்தில் அந்த நிபந்தனை நிறைவேறும். சென்னையிலிருந்து ஆத்தூர் வரைக்குமான கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டரில், வெயிலில், பின்னால் ஒரு ஆளும் இரண்டு பையுமாகப் போகிறவர் ஒவ்வொரு லாரிக்கும் இரண்டு கியர் இறக்கி, எட்டாயிரம் சுற்றில் அலறவிட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டிருக்க மாட்டார். முதல் பத்து லாரிக்குச் செய்வார். பதினோராவதற்குப் பின்னாலேயே புகையைக் குடித்துக்கொண்டு போவார், அல்லது கியர் இறக்காமலே துணிந்து நடுவழியில் மாட்டிக்கொள்வார். திறன் இருக்கிறது, ஆனால் எடுத்துச் செலவழிக்க உழைப்புக் கேட்கிறது என்பதையும் ஒரு குறையாகத்தான் எழுத வேண்டும்.

ஆத்தூரிலிருந்து நாமகிரிப்பேட்டை வழியாக வந்து காரவள்ளி அடிவாரத்தை எட்டினால் கொல்லிமலை ஏற்றம். சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. மலை என்றதும் பெரிய திறன் வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. இரண்டு பேரும் சாமானும் சேர்த்து 370 கிலோ, நூற்றுக்கு எட்டு என்ற ஏற்றம், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்று கொண்டால், சீராக ஏற ஐந்து குதிரை போதும். ஒரு சாதாரண 110 சி.சி. வண்டியிலேயே அதைவிட அதிகமாக இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் மிளகு மூட்டையோடு அதில்தான் ஏறுகிறார்கள். வளைவு கேட்பது மொத்தத் திறனை அல்ல, குறைந்த சுற்றில் குலுங்காத இழுவையை. 2,000 சுற்றில் ஒற்றைச் சிலிண்டர் இஞ்சின் வினாடிக்குப் பதினேழு முறை வெடிக்கிறது, இரட்டை முப்பத்துமூன்று முறை. வெடிப்புக்கும் வெடிப்புக்கும் இடைவெளி நீளும்போது செயின் தளர்ந்து இறுகி உதறும். பெரிய பிஸ்டன் உள்ள, வேகச் சுற்றுக்கென்று செய்த ஒற்றைச் சிலிண்டரில் இது நன்றாகவே தெரியும். அதனால் அதன் ஓட்டுநர் முதல் கியருக்குப் போவார் அல்லது பாதிக் கிளட்சில் சமாளிப்பார். பாதிக் கிளட்சில் நாற்பது வளைவு ஏறிய பிறகு கிளட்ச் தகடு தீயும் வாடை வருவது மலைச்சாலைக்காரர்களுக்குப் பழக்கமானது. இன்டர்செப்டர் இரண்டாவது கியரில், 25 கிலோமீட்டர் வேகத்தில், முள் இரண்டாயிரத்தை ஒட்டி நிற்க, வளைவின் உள்விளிம்பில் சரிந்து அப்படியே எழுந்து போகும். மேலிருந்து வரும் பேருந்து வளைவு முழுவதையும் எடுத்துக்கொள்ளும்போது நாம் நின்று, ஏற்றத்தில் மறுபடி கிளம்ப வேண்டியிருக்கும். அங்கேயும் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திறந்தாலே போதும். இறங்கும்போது இதே கியரில் விட்டால் இஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கும், பிரேக் சூடாகாது.

இவ்வளவு சொன்னதால் இது குறையில்லாத வண்டி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெட்ரோலோடு 218 கிலோ. நிறுத்தத்தில் பின்னுக்குத் தள்ளும்போதும், பேருந்துக்காக நின்று சரிவில் காலூன்றும்போதும் ஒவ்வொரு கிலோவும் தெரியும். உயரம் குறைந்தவர்கள் 804 மில்லிமீட்டர் இருக்கையில் உட்கார்ந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. அதைவிடப் பெரிய குறை பின் ஷாக் அப்சார்பர். அது அசையும் தூரம் 88 மில்லிமீட்டர்தான், டியூக்கில் 150. ஊருக்கு ஊர், வெள்ளைக் கோடுகூட இல்லாமல் முளைக்கும் நம் வேகத்தடைகளில் இந்தக் கஞ்சத்தனம் நேராக முதுகெலும்பில் வந்து இடிக்கும். நாமகிரிப்பேட்டைச் சாலையின் ஒட்டுப்போட்ட பகுதிகளில் டியூக் மிதந்து போகும் இடத்தில் இன்டர்செப்டர் தட்டிக்கொண்டுதான் போகும். இஞ்சினுக்காக வாங்குகிறவர் ஸ்பிரிங்குக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அல்லது கைக்காசு போட்டு மாற்ற வேண்டும். ஆனால் பாருங்கள், இந்தக் குறையையும் குதிரைத்திறன் எண் காட்டிக்கொடுக்கவில்லை.

கடைசி ஆட்சேபம் என் வாதத்துக்குள்ளிருந்தே வருகிறது. குறைந்த சுற்றில் இழுவைதான் எல்லாம் என்றால் கிளாசிக் 350 போதாதா? அதன் 349 சி.சி. இஞ்சின் 4,000 சுற்றிலேயே 27 நியூட்டன் மீட்டரைக் கொடுத்துவிடுகிறது. நீண்ட வீச்சுள்ள, நிதானமாகச் சுற்றும் ஒற்றைச் சிலிண்டர் என்பதால் வளைவுகளிலும் உதறாது. வரியும் அதன் பக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 விழுக்காடாக இறங்கியது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, முன்பு கூடுதல் வரியோடு 31 ஆக இருந்தது, 40 ஆக ஏறியது. (சாலைக்கும் வரிக்கும் ஒரே மூன்றெழுத்து; சாலை கொஞ்சம் கருணையுள்ளது.) மலைக்கு மட்டும் என்றால் 350 போதும், தாராளமாகப் போதும். அது திணறுவது கள்ளக்குறிச்சிப் பக்கம்தான். அதன் மொத்தம் 20 குதிரை. ஓட்டுபவர் ஒருவரோடு 80-இல் போகவே பாதி செலவாகிவிடுகிறது. பின்னால் ஆளும் எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டால் லாரியைத் தாண்ட மிச்சம் கையளவுதான். இன்டர்செப்டரில் அந்த மிச்சம், உச்சத்துக்குப் போகாமலே, மூவாயிரம் சுற்றிலேயே இருக்கிறது. தனியாக, நிதானமாகப் போகிறவருக்கு 40 விழுக்காட்டு வரி வீண். ஆளையும் பையையும் ஏற்றிக்கொண்டு இரண்டு வழிச் சாலையில் அடிக்கடி போகிறவருக்கு வீணில்லை. எந்தப் பக்கம் என்று தெரியாதவர், ஷோரூமில் ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது தனியாகப் போக வேண்டாம். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, மூன்றாவது கியரில் 40-இல் வைத்து, கிளட்சைத் தொடாமல் ஆக்சிலரேட்டரைத் திறந்து பார்க்கட்டும். ஒரு மேம்பால ஏற்றம் கிடைத்தால் இன்னும் நல்லது.